கம்ப்யூட்டர் அசெம்பிள் பண்றீங்களா? எஸ்.எம்.பி.எஸ்-ல மிச்சம் பிடிக்காதீங்க!

தாம்பரத்தில் ரயிலேறி ரிச்சி ஸ்ட்ரீட் போகிறவர்கள் பிராசஸர், கிராபிக்ஸ் கார்டு எல்லாம் பார்த்துப் பார்த்து வாங்குவார்கள். பட்ஜெட் இடித்தால் முதல் வெட்டு எஸ்.எம்.பி.எஸ்-ஸுக்குத்தான். 'கேபினெட்டோடு வருவதே போதும்' என்று விட்டுவிடுவார்கள். 230 வோல்ட் கரன்ட்டை 12, 5, 3.3 வோல்ட்டாக்கி எல்லா பாகங்களுக்கும் கொடுப்பதே அதுதான். மட்டமான சரக்கு புகைந்தால், மதர்போர்டும் சேர்ந்து போகலாம்.

அதற்காக 850 வாட்ஸ் எல்லாம் வேண்டாம். ஆர்.டி.எக்ஸ் 4060 கார்டு இழுப்பது 115 வாட்ஸ். அதற்கு என்விடியாவே சொல்வது 550 வாட்ஸ் எஸ்.எம்.பி.எஸ்தான்.

'80 பிளஸ்' முத்திரை கரன்ட் எவ்வளவு வீணாகிறது என்பதற்கு, ஆயுளுக்கு அல்ல. ஆயுளுக்கு வாரன்ட்டியைப் பாருங்கள். 5 வருடமாவது வேண்டும். 10 வருடம் தருபவையும் உண்டு. கெப்பாசிட்டர்கள் 105 டிகிரி ரகமா என்றும் கேளுங்கள். 10 டிகிரி சூடு கூடினால் அவற்றின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகிவிடும். நம்ம ஊர் மே மாதம் தெரியும்தானே!

2023 மிக்ஜாம் புயலில் முடிச்சூர், பள்ளிக்கரணை பக்கம் நாள்கணக்கில் கரன்ட் இல்லை. இன்வெர்ட்டர் இல்லாமல் இங்கே முடியாது. ஆனால், அது ஸ்கொயர் வேவ் ரகமென்றால், நல்ல எஸ்.எம்.பி.எஸ்-ஸில் இருக்கும் 'ஆக்டிவ் பி.எஃப்.சி' அதோடு ஒத்துப்போகாமல் கம்ப்யூட்டர் சட்டென அணைந்துவிடலாம். சைன் வேவ்தான் சரி.

பின்னால் எஸ்.எம்.பி.எஸ்-ஸை மாற்றினால், பழைய மாடுலர் கேபிளைப் புதியதில் செருகாதீர்கள். பிளக் பொருந்தும், வயர் வரிசை மாறியிருக்கலாம். ஹார்ட் டிஸ்க் எரிந்தால், அதிலிருக்கும் கல்யாண போட்டோக்களும் போச்சு.