மைக்கில் வராத பெயர்

தை முதல் நாள் அவனியாபுரம், மறுநாள் பாலமேடு, அதற்கடுத்து அலங்காநல்லூர். பொங்கலுக்கு விருத்தாசலத்து டீக்கடை டிவியிலும் இந்த ஜல்லிக்கட்டுதான் ஓடும். படத்தை விட்டுவிட்டு மைக்கைக் கவனித்துப் பாருங்கள். “அடுத்து வர்றது நம்ம அண்ணன் மாடு, தொட்டுப் பாரு” என்று உரிமையாளர் பெயர் வரும், ஊர் வரும், கோயில் வரும், அண்டாவும் கட்டிலும் கொடுத்த புண்ணியவான் பெயரும் வரும். மாட்டுக்கென்று ஒரு பெயர் இருக்குமே, அது மட்டும் அபூர்வமாகத்தான் வரும்.

அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் கதையே வேறு. அங்கே ஸ்டீம்போட் என்றொரு கறுப்புக் குதிரை இருந்தது. இளம் வயதில் மூக்கெலும்பு உடைந்ததால் மூச்சு விடும்போதெல்லாம் நீராவிக் கப்பல் ஊதுவதுபோல் சத்தம் வரும். பெயர் வந்தது அதனால்தான். ஏறியவர்களில் பெரும்பாலோரை மண்ணைக் கவ்வ வைத்த அந்தக் குதிரை 1914-இல் செத்தது. அதை வைத்திருந்தவர்கள் யார் என்று இன்று எத்தனை பேருக்குத் தெரியும்? குதிரையின் பெயர் நின்றுவிட்டது. 1936 முதல் வயோமிங் வண்டிகளின் நம்பர் பிளேட்டில் ஒரு குதிரை துள்ளிக்கொண்டிருக்கிறது. அது ஸ்டீம்போட்தான் என்பார்கள் பலர். துள்ளும் குதிரை மேல் ஏறும் ரோடியோ போட்டியில் வீரர் 8 விநாடி தாக்குப்பிடிக்க வேண்டும். மதிப்பெண்ணில் சரிபாதி குதிரையின் துள்ளலுக்கு. சுமாரான குதிரை மேல் எவ்வளவு அழகாக உட்கார்ந்தாலும் பரிசு கிடையாது.

நம் ஊரிலும் பார்க்க வருகிறவர்களுக்கு இந்த நியாயம் தெரியும். பாய்ந்து ஓடிவிடும் மாட்டை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. ‘நின்னு விளையாடுற மாடு’ என்றால்தான் மதிப்பு. மாடு வெளியே வரும் வாடிவாசலைத் தாண்டியதும் தென்னைநார்க் கழிவு பரப்பிய தரையில் நிற்கும். தலையைத் தாழ்த்தி ஒரு சுற்று பார்க்கும். திமிலை நோக்கி ஒரு கை நீளும்போதுதான் இடுப்பை வெட்டித் திரும்பும். அதற்குள் பாதிப் பேர் தடுப்புக் கம்பி மேல் தொங்கிக்கொண்டிருப்பார்கள். இதற்காகத்தான் ஆண்டு முழுக்கப் பருத்திக்கொட்டையும் பேரீச்சம்பழமும் கொடுத்து, குளத்தில் நீந்தவிட்டு, மண்ணைக் குத்தப் பழக்குகிறார்கள். விதிப்படி ஒருவர்தான் திமிலைப் பிடிக்கலாம். வாலையும் கொம்பையும் தொடக் கூடாது. பிடிபடாவிட்டால் ஜெயித்தது மாடுதான்.

கலித்தொகையின் முல்லைக்கலியில் ஏறுகளை நிறத்தையும் புள்ளியையும் சொல்லி ஒவ்வொன்றாக வருணித்தார்கள். சி.சு. செல்லப்பாவின் ‘வாடிவாசல்’ நாவலைப் படித்தவர்களுக்குக் காரி என்ற காளை மறக்காது. ஜல்லிக்கட்டுக்கு 2014 மே மாதம் விழுந்த தடையும், அதை எதிர்த்த 2017 மெரினா போராட்டமும், ஜல்லிக்கட்டை அனுமதித்து 2023 மே 18-இல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் எல்லோருக்கும் தெரிந்த கதை. 2024 ஜனவரியில் அலங்காநல்லூர் பக்கத்துக் கீழக்கரையில் அரங்கமே கட்டித் திறந்தாகிவிட்டது. சிறந்த வீரருக்குக் கார், சிறந்த காளைக்கு டிராக்டர் என்று பரிசும் எங்கோ போய்விட்டது. டிராக்டரை மாடு என்ன செய்யும் என்று கேட்கக் கூடாது!

பெயர் சொல்லிப் பேசப்பட்ட காளைகள் இல்லாமல் இல்லை. அப்போது அமைச்சராக இருந்த சி. விஜயபாஸ்கரின் கொம்பன் 2018-இல் புதுக்கோட்டை மாவட்டம் தென்னலூரில் வாடிவாசல் கட்டையில் மோதிச் செத்தபோது செய்தித்தாள்களே பெயர் போட்டு எழுதின. அதிலும் பாதிப் புகழ் அமைச்சருடையது. ஏழை மாட்டுக்காரர் வீட்டுக் காளைக்கு அந்த வாய்ப்பும் கிடையாது. அதன் பெயரைக் கேட்க வேண்டுமென்றால், மாடுகள் ஓடிப்போய்ச் சேரும் இடத்துக்குத்தான் போக வேண்டும். அங்கே கயிறும் கையுமாக நிற்கிறவர்கள் தொண்டை கிழியக் கத்துவது மாட்டின் பெயரைத்தான்.