நிரந்தரவாசியும் குடிமகனும்

ரஞ்சன்குடிக் கோட்டையைச் சுற்றியுள்ள சிற்றூர்களில் பருத்தியும் மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும் விளைவிக்கும் குடும்பங்களின் பிள்ளைகள் பலர் கடல்கடந்து பணிபுரிகின்றனர். சிங்கப்பூரிலிருக்கும் மகனுக்குப் 'பி.ஆர்.' கிடைத்துவிட்டது என்ற செய்தி வந்ததும், "அவன் அந்நாட்டுக்காரன் ஆகிவிட்டான்" என்று ஒரு வீட்டார் மகிழ்வர். அதையே சொல்லி மற்றொரு வீட்டார் கண்ணீர் விடுவர். இரு சாராரும் அவசரப்படுகின்றனர் என்பதே நம் கருத்து.

பி.ஆர். என்பது நிரந்தரவாசம். தம் குடியுரிமையை மாற்றிக்கொள்ளாமலேயே அந்நாட்டில் தங்கவும் தொழில் செய்யவும் ஒருவர் பெறும் இசைவு அது. கையிலிருப்பது இந்தியக் கடவுச்சீட்டுதான். 'நிரந்தரம்' என்ற சொல்லும் சற்று ஏமாற்றும் சொல்லே. வெளிநாடு செல்லும் நிரந்தரவாசி மறுநுழைவு அனுமதி வைத்திருத்தல் வேண்டும். அது காலாவதியான நிலையில் வெளியே தங்கினால் அத்தகுதியையே இழக்க நேரிடும். நோயுற்ற தாயாரைக் கவனிக்க ஊர் வந்து மாதக்கணக்கில் தங்குவோர் முதலில் அந்தத் தேதியைப் பார்த்துக்கொள்வது நலம்.

குடியுரிமை வேறு. 21 வயது நிறைந்தவர், நிரந்தரவாசியாக இரண்டாண்டுகளேனும் இருந்தபின் அதற்கு விண்ணப்பிக்கலாம். விண்ணப்பிக்கலாம் என்றுதான் சொன்னோம். கொடுப்பதும் மறுப்பதும் அரசின் முடிவு. ஆயுள் முழுதும் நிரந்தரவாசியாகவே இருந்துவிடுவோரும் உளர்.

எருசலேமில் புனித சின்னப்பரைச் சிறைப்பிடித்த படைத்தலைவன் பெருந்தொகை கொடுத்து உரோமைக் குடியுரிமை பெற்றவன். இன்று கேட்கப்படும் விலை பணமன்று. 1955ஆம் ஆண்டு இந்தியக் குடியுரிமைச் சட்டத்தின் 9ஆம் பிரிவின்படி, ஒருவர் தாமாக விரும்பி வேற்று நாட்டுக் குடியுரிமை பெற்றவுடன் அவருடைய இந்தியக் குடியுரிமை அற்றுப்போகிறது. சிங்கப்பூரும் இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. 2005 முதல் வழங்கப்படும் ஓ.சி.ஐ. அட்டை, தனியே விசா எடுக்காமல் தாய்நாட்டுக்கு வந்துபோக உதவும், வாக்குரிமை தராது. நிரந்தரவாசியோ இன்னும் இந்தியக் குடிமகன். ஆகையால் 2010ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தத்தின் பயனாகத் தம் ஊர் வாக்காளர் பட்டியலில் பெயரைச் சேர்த்து, நேரில் வந்து வாக்களிக்கலாம்.

நிலத்தைப் பற்றியே பெற்றோர்க்குக் கவலை மிகுதி. தந்தையின் புன்செய் நிலம், மகன் சிங்கப்பூர்க் குடிமகனான பின்னும் வாரிசு முறையில் அவனுக்கு வரலாம். அடுத்த வயலை விலைக்கு வாங்கத்தான் இயலாது. அத்தடை வெளிநாட்டில் குடியிருக்கும் இந்தியக் குடிமகனுக்கும் உண்டு என்பதைப் பலர் அறியார்.

ஆண் குழந்தை உள்ள வீட்டார்க்கு மேலும் ஒன்று. தந்தையின் வழியாக நிரந்தரவாசம் பெற்ற மகன், குடிமகன் ஆகாவிடினும், இரண்டாண்டு முழுநேரத் தேசிய சேவைக்குக் கடமைப்பட்டவன். பதினாறரை வயதில் பதிவுக்கு அழைப்பு வரும். சேவை செய்யாமல் நிரந்தரவாசத்தைத் துறந்தால், பின்னாளில் அங்கே படிக்கவோ பணிபுரியவோ விண்ணப்பிக்கும்போது அது குறுக்கே நிற்கும். மகன் அடுத்த முறை தொலைபேசியில் அழைக்கும்போது, பேரனின் பெயரும் விண்ணப்பத்தில் சேர்க்கப்பட்டுள்ளதா என்று கேளுங்கள்.