தீ அணைந்த பிறகு மாடு என்ன தின்னும்?

மாசி பிறந்துவிட்டால் விருத்தாசலத்தைச் சுற்றியுள்ள கிராமங்களில் மாடு வைத்திருப்பவர்களுக்கு நிம்மதியான தூக்கம் கிடையாது. சம்பா அறுவடை முடிந்து வீட்டுக்கு வீடு வைக்கோல் போர் ஏறியிருக்கும். ஆலடி, முதனைப் பக்கத்து முந்திரிக் காடுகளில் நடந்தால் சருகு கணுக்காலை மூடும். கரும்பு வெட்டிய கொல்லைகளில் சோகை முறுமுறுவென்று காய்ந்து கிடக்கும். மழை நின்று இரண்டு மாதம் ஆகியிருக்கும். காற்று கிளம்பும் நேரத்தில் அணைக்காமல் வீசிய ஒரு பீடித் துண்டு போதும்.

விருத்தாசலம் பீங்கான் ஊர். சூளைக்குள் தீயை அளந்து ஏற்றவும் அளந்து இறக்கவும் தெரிந்த கைகள் இங்கே தலைமுறையாக உண்டு. ஆனால் கொல்லைக்காட்டில் கிளம்பும் தீக்கு அளவும் இல்லை, வாசலும் இல்லை. அது வேலி தாண்டி, தோப்பு தாண்டி, கடைசியில் மாட்டுக் கொட்டகைக்குத்தான் வந்து சேர்கிறது.

தீ என்றதும் நாம் எரிந்த கூரையைப் பார்க்கிறோம், செத்த மாட்டை எண்ணுகிறோம். எனக்கு அதைவிடப் பெரிய கவலை ஒன்று உண்டு. தப்பித்த மாடு மறுநாள் காலையில் என்ன தின்னும்? கால்நடையை நம்பிய குடும்பம் தீயில் விழுவதைவிட, தீக்குப் பின்வரும் பல மாதப் பட்டினியில்தான் விழுகிறது. அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

தீ எங்கிருந்து வருகிறது?

தானாகப் பிடிக்கும் தீ அரிது. கரும்பு வெட்டியதும் சோகையைக் கொளுத்துவது வழக்கமாகிவிட்டது. கொளுத்துபவர் தன் கொல்லையைத்தான் கொளுத்துகிறார். காற்று அடுத்தவர் கொல்லைக்குக் கொண்டுபோகிறது. இயந்திரம் அறுத்த வயலில் சிதறிக் கிடக்கும் தாளுக்கும் அதே கதி. முந்திரிக்கொட்டை பொறுக்கத் தோதாக மரத்தடியைக் கூட்டிச் சருகைக் குவிக்கிறார்கள். அந்தக் குவியலுக்கு வைத்த நெருப்பு அணைந்துவிட்டதாக நினைத்து வீட்டுக்குப் போனால், பிற்பகல் காற்றில் அது மறுபடி உயிர் பெறுகிறது. தாழ்ந்து தொங்கும் மின்கம்பிகள் உரசி விழும் பொறி இன்னொரு காரணம்.

பூவெடுத்த தோப்புக்குள் ஆடு மாட்டை விடமாட்டார்கள். அதனால் மேய்ந்து தீர வேண்டிய புல்லும் அங்கேயே நின்று காய்கிறது. 2011 டிசம்பர் 30-ஆம் தேதி கரையேறிய தானே புயல் வேரோடு சாய்த்த தோப்புகளை மறுபடி நட்டு வளர்த்தவர்களுக்குத் தெரியும், ஒரு முந்திரி மரம் பலன் தர எத்தனை வருடம் காத்திருக்க வேண்டும் என்று. புயலுக்கு எச்சரிக்கை வந்தது. தீக்கு வருவதில்லை.

கயிறு

தீப்பிடித்த முதல் பத்து நிமிடத்தில் மாட்டின் உயிர் கயிற்றில்தான் இருக்கிறது. நம் மாடு முளைக்குச்சியிலோ கட்டுத்தறியிலோ இறுகக் கட்டப்பட்டிருக்கும். புகையைக் கண்டு மிரண்டு இழுக்க இழுக்க முடிச்சு இன்னும் இறுகும். விரலால் அவிழ்க்க முடியாது. அரிவாள் வீட்டுக்குள் எங்கோ இருக்கும்.

எனவே கொட்டகையின் வாசல் தூணிலேயே ஒரு அரிவாள் செருகியிருக்க வேண்டும். ஒரு முனையை இழுத்தால் அவிழ்ந்துவிடும் உருவு முடிச்சைக் கோடை முழுவதும் போட வேண்டும். கன்றுக்குட்டியை உள்மூலையில் கட்டும் பழக்கத்தையும் விட வேண்டும். அவிழ்த்துவிட்ட தாய்ப்பசு கன்றைத் தேடி எரியும் கொட்டகைக்குள் திரும்பி ஓடும். கன்றை முதலில் வெளியேற்றினால் தாய் பின்னாலேயே வந்துவிடும்.

தப்பித்த மாட்டையும் உடனே நம்பிவிடக் கூடாது. அன்று நன்றாக நிற்கும் மாடு, பத்து நாள் கழித்து நொண்டும். சூடான தரையில் நடந்த குளம்பு உள்ளே வெந்து, மெல்லக் கழன்று வரும். மடியிலும் காம்பிலும் சூடுபட்டிருந்தால் கன்று வாய் வைக்கும்போது பசு உதைக்கும்; பால் கட்டி மடிநோய் வரும். புகை உள்ளே போன மாட்டுக்குச் சில நாளில் இருமலும் மூச்சுத் திணறலும் தொடங்கும். காயத்தில் எண்ணெய், மண், மை எதையும் பூசாமல், சுத்தமான குளிர்ந்த நீரை நெடுநேரம் ஊற்றுவதே முதல் வைத்தியம். பிறகு நிழல், குடிக்கத் தண்ணீர், கால்நடை மருத்துவர். 1962 என்ற எண்ணை அழைத்தால் கால்நடைகளுக்கான ஆம்புலன்ஸ் வரும். தீயணைப்புக்கு 101.

வைக்கோல் கணக்கு

ஒரு மாட்டுக்கு நாளொன்றுக்கு ஐந்தாறு கிலோ வைக்கோல் வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். வருடத்துக்கு ஏறக்குறைய இரண்டு டன். சுமாரான ஒரு ஏக்கர் நெல் வயல் தரும் வைக்கோலும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். நான்கு மாடு வைத்திருக்கும் குடும்பத்தின் போரில் நான்கு ஏக்கர் வைக்கோல் இருக்கிறது என்று அர்த்தம். அது எரிந்து முடிய ஒரு மணி நேரம்கூட ஆகாது.

போர் எப்போது எரிகிறது என்பதையும் பாருங்கள். தையில் ஏற்றிய வைக்கோல் மாசியிலோ பங்குனியிலோ எரிகிறது. அடுத்த மழை புரட்டாசி, ஐப்பசியில். மேய்ச்சல் நிலம் காய்ந்து கிடக்கும் அத்தனை மாதத்தையும் கடக்க அந்தப் போரைத்தான் நம்ப வேண்டும். சொந்த நிலம் இல்லாமல், அறுவடைக் கூலியில் ஒரு பங்கை வைக்கோலாக வாங்கிச் சேர்த்த குடும்பங்களும் உண்டு. அவர்களுக்கு அந்தப் போர்தான் சொத்து.

தீ நடந்த வீட்டில் முதல் நாள் ஊரே கூடும். பழைய சோறு, கஞ்சி, அரிசி என்று கையில் கிடைத்ததைக் கொண்டுவந்து மாட்டுக்கு வைப்பார்கள். அது அன்பினால் செய்வது, ஆனால் ஆபத்து. வைக்கோலுக்குப் பழகிய வயிற்றில் திடீரென்று அரிசியும் சோறும் நிறைய விழுந்தால் அது புளித்து, வயிறு உப்பி, மாடு செத்தே போகலாம். தீயில் பிழைத்த மாட்டைச் சோற்றில் பறிகொடுக்கக் கூடாது.

மூன்றாம் நாள் கூட்டம் கலையும். பால் பாதியாகக் குறையும். பெரும்பாலான வீடுகளில் பால் கணக்கு பெண்களின் கையில். தண்ணீர் காட்டுவது, தீவனம் வைப்பது, கறப்பது, சங்கத்துக்குக் கொண்டுபோய் ஊற்றுவது எல்லாம் அவர்கள்தான். அந்தப் பணத்தில் மகளிர் குழுக் கடன் தவணை போகிறது, பிள்ளையின் பள்ளிச் செலவு போகிறது. பால் குறைந்த வாரத்திலும் தவணைத் தேதி மாறாது.

அடுத்து தரகர் வருவார். துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசுவார். விற்பவரிடம் வைக்கோல் இல்லை என்பது அவருக்குத் தெரியும். சினை மாடு போகும், பிறகு கறவை போகும். கடைசியில் ஒரு கிடாரி மிஞ்சும். அடுத்த மழையில் புல் முளைக்கும்போது அதை மேய்க்க மாடு இருக்காது. அந்த வீட்டு இளைஞன் திருப்பூருக்கோ சென்னைக்கோ பஸ் ஏறியிருப்பான். ஒரு கால்நடைக் குடும்பம் இப்படித்தான் முடிகிறது. தீயில் ஒரு மாடுகூடச் சாகாத வீட்டிலும் இது நடக்கிறது.

செத்த மாட்டுக்குத் தொகை உண்டு

பேரிடர் நிவாரண நிதி விதிகளில் தீயும் ஒரு பேரிடர்தான். 2022 முதல் 2026 வரையிலான விதிகளின்படி, பேரிடரில் கறவை மாடு இறந்தால் 37,500 ரூபாய், உழவு மாட்டுக்கு 32,000, கன்றுக்கு 20,000, ஆட்டுக்கு 4,000 என்று நிர்ணயித்திருந்தார்கள். மானியப் பிரீமியத்தில் கால்நடைக் காப்பீடும் இருக்கிறது. காப்பீட்டுக்கு மாட்டின் காதில் வில்லை இருக்க வேண்டும். இறந்தால் மருத்துவரின் பிரேதப் பரிசோதனைச் சான்று வேண்டும். வில்லை விழுந்துவிட்டால் தாமதிக்காமல் மறுபடி போட்டுக்கொள்ளுங்கள். எரிந்த மாட்டைச் சான்று வாங்கும் முன் புதைத்துவிடாதீர்கள்.

இவை நல்ல ஏற்பாடுகள். ஆனால் எல்லாமே சாவைச் சுற்றி அமைந்தவை. உயிரோடு நின்று வெறும் தொட்டியை நக்கும் மாட்டைப் பற்றி நம் மனசு யோசிப்பதே இல்லை. செத்த மாட்டுக்குத் தருவதில் ஒரு சிறு பங்கை வைக்கோலாக மூன்றாம் நாளுக்குள் கொண்டுவந்து இறக்கினால், நான்கு மாடும் அந்த வீட்டிலேயே நிற்கும்.

2024 பிப்ரவரியில் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் ஸ்மோக்ஹவுஸ் கிரீக் என்ற தீ பரவியது. பத்து லட்சம் ஏக்கருக்கு மேல் எரிந்தது. ஆயிரக்கணக்கான மாடுகள் செத்தன. அங்கே மாட்டுப்பண்ணைக் குடும்பங்களுக்கு முதலில் வந்து சேர்ந்த உதவிகளில் ஒன்று வைக்கோல். பக்கத்து மாநிலங்களிலிருந்து உலர்புல் கட்டுகளை ஏற்றிய லாரிகள் வரிசையாக வந்தன. அனுப்பியவர்களும் மாடு வளர்ப்பவர்களே. தன் மேய்ச்சல் நிலம் எரிந்தால் என்ன ஆகும் என்று அவர்களுக்குத் தெரியும். ஆயிரம் ஏக்கர் வைத்திருப்பவருக்கே வைக்கோல் தேவைப்பட்டது என்றால், அரை ஏக்கரும் நான்கு மாடும் உள்ள நம் ஆட்களுக்கு எவ்வளவு தேவைப்படும்!

கூரையை ஓடாக மாற்றினாலே பாதிப் பிரச்சினை தீரும் என்பவர்கள் உண்டு. புதுப்புல்லுக்காக மேய்ப்பவர்களே தீ வைக்கிறார்கள் என்ற பேச்சும் உண்டு. 2018 மார்ச்சில் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தபோதும் அந்தப் பேச்சு எழுந்தது. இருக்கலாம். ஆனால் கூரை எதுவானாலும், யார் வைத்த தீயானாலும், பசிப்பது மாட்டுக்கு.

ஊர் செய்யக்கூடியது

வைக்கோலை ஒரே போராகப் போடாதீர்கள். இரண்டாகப் பிரித்து, கொட்டகையிலிருந்தும் மின்கம்பியிலிருந்தும் தள்ளி, தனித்தனி இடத்தில் போடுங்கள். ஒன்று எரிந்தால் இன்னொன்று மிஞ்சும். ஈரத்தோடு அடுக்கிய வைக்கோல் உள்ளே சூடேறும். நன்றாகக் காய்ந்த பிறகே போர் போடுங்கள்.

சித்திரை உழவு பத்தரை மாற்றுத் தங்கம் என்பார்கள். தீயைத் தடுக்க அதற்கு முன்பே, மாசியிலேயே, தோப்பையும் கொட்டகையையும் சுற்றிப் பத்தடி அகலத்துக்கு ஒரு சால் வளையம் உழுதுவிடுங்கள். எரிவதற்கு எதுவும் இல்லாத மண்ணில் தரையோடு வரும் தீ நின்றுவிடும். சோகையைக் கொளுத்தாமல் கரும்பு வரிசைகளுக்கு இடையிலேயே பரப்பினால் ஈரம் காக்கும், மக்கி உரமாகும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, ஊருக்கு ஒரு பொது வைக்கோல் இருப்பு வேண்டும். மாடு உள்ள ஒவ்வொரு வீடும் அறுவடை முடிந்ததும் இரண்டு கட்டு வைக்கோலைத் தர வேண்டும். வீடுகளிலிருந்து விலகிய ஒரு பொது இடத்தில் அதை அடுக்கி, மேலே தார்ப்பாய் போட்டு, சுற்றி உழுதுவைத்தால் போதும். நூறு வீடு தந்தால் இருநூறு கட்டு. தீப்பட்ட வீட்டுக்கு அது முதல் தவணை மூச்சு. அந்த வருடம் எங்கும் தீ இல்லாமல் போனால், ஆடி மாதம் கன்று வைத்திருக்கும் ஏழை வீடுகளுக்குப் பகிர்ந்து கொடுங்கள், எதுவும் வீணாகாது. இதற்கு அரசாணை தேவையில்லை, பால் சங்கத்தில் கூடும் பத்துப் பெண்கள் முடிவெடுத்தால் போதும்.

இதைப் படிக்கும் உங்களிடம் வயல் இருந்தால் ஒரு வேண்டுகோள். அறுத்த தாளைக் கொளுத்தாதீர்கள். தேவையில்லை என்றால் மாடு வைத்திருப்பவரைக் கூப்பிட்டு அள்ளிக்கொள்ளச் சொல்லுங்கள். பக்கத்து ஊரில் தீ என்று கேள்விப்பட்டால், விசாரிக்கப் போகும்போது வண்டியில் நான்கு கட்டு வைக்கோல் ஏற்றிக்கொண்டு போங்கள்.