ஸ்கானில் தற்செயலாகத் தெரிந்த கட்டி: சத்திரசிகிச்சை எப்போது தேவை?

உடலில் தங்கிவிட்ட எறிகணைச் சிதறல் எங்கே இருக்கிறது என்று பார்க்க, அல்லது தீராத வயிற்று வலிக்காக, சி.ரி. ஸ்கான் எடுக்கிறார்கள். தேடியது ஒன்று, அறிக்கையில் வருவது வேறொன்று: ‘அதிரீனல் சுரப்பியில் கட்டி’. கட்டி என்ற சொல்லே பலரின் உறக்கத்தைக் கெடுத்துவிடும். ஆனால் இவ்வாறு தற்செயலாகத் தெரியவரும் அதிரீனல் கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல. அவற்றுக்குச் சத்திரசிகிச்சையும் தேவைப்படுவதில்லை.

சிறுநீரகங்களின் மேல் ஒவ்வொன்றாக அமைந்திருப்பவை அதிரீனல் சுரப்பிகள். குருதியமுக்கத்தையும் உடலின் உப்புச் சமநிலையையும் பேணும் ஓமோன்களை இவை சுரக்கின்றன. வயது ஏற ஏற இவற்றில் கட்டிகள் காணப்படுவதும் அதிகம்.

கட்டியை அகற்றுவதா, விடுவதா என்பதை இரண்டு கேள்விகள் தீர்மானிக்கின்றன.

ஓமோனை மிகையாகச் சுரக்கிறதா?

இரவு 11 மணியளவில் 1 மில்லிகிராம் டெக்சாமெதசோன் மாத்திரை தந்து, மறுநாள் காலை குருதியில் கோட்டிசோல் அளவைப் பார்ப்பார்கள். உயர் குருதியமுக்கமோ பொற்றாசியக் குறைவோ இருந்தால் அல்டொஸ்தரோன், ரெனின் ஆகியவையும் பார்க்கப்படும். அதிரினலின் வகை ஓமோன்களைச் சுரக்கும் கட்டியா என்பதைக் குருதியிலோ சிறுநீரிலோ மெற்றாநெஃப்ரின் அளவு காட்டும். இந்த வகைக் கட்டி என்று உறுதியானால், சிறியதாயினும் பொதுவாக அகற்றப்படும்.

புற்றுநோயின் சாயல் உள்ளதா?

சாய மருந்து ஏற்றாத ஸ்கானில் கட்டி ஒரே சீராகவும், அடர்த்தி 10 ஹவுன்ஸ்ஃபீல்ட் அலகுக்கு மேற்படாமலும் இருந்தால் அது தீங்கற்றது எனக் கொள்ளலாம். 4 சென்ரிமீற்றருக்கு மேற்பட்டு, சீரற்றதாகவோ 20 அலகுக்கு மேல் அடர்த்தி கொண்டதாகவோ இருந்தால் அகற்றுவதே பெரும்பாலும் தீர்மானமாகும். இடைப்பட்டவற்றுக்கு மேலதிக ஸ்கான் எடுத்து, வளர்கிறதா என்று பார்ப்பார்கள்.

எமது மக்கள் ஒன்றைக் குறிப்பாகக் கவனிக்க வேண்டும். திடீர்ப் படபடப்பு, வியர்வை, தலையிடி, பயம் ஆகியவற்றைப் ‘போர் தந்த அதிர்ச்சி’ என்றே எண்ணிப் பழகிவிட்டோம். பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கலாம். ஆனால் அதிரினலின் சுரக்கும் கட்டியும், அரிதாக, இதே குறிகளைக் காட்டும். ஆகவே ஸ்கானில் கட்டி தெரிந்தவர்கள் இந்தக் குறிகளை வைத்தியரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். இந்த வகைக் கட்டி இல்லை என்று உறுதியாகுமுன் ஊசி குத்தித் துண்டு எடுத்தால் குருதியமுக்கம் ஆபத்தான அளவுக்கு ஏறக்கூடும். சத்திரசிகிச்சைக்கு முன்னரும் குருதியமுக்கத்தை அடக்கும் மருந்துகளைப் பொதுவாக ஒன்று முதல் இரண்டு வாரங்கள் எடுக்க வேண்டும்.

எம்.ஆர்.ஐ. ஸ்கானுக்கு அனுப்பினால், உடலில் உலோகச் சிதறல் இருப்பதை முன்கூட்டியே கட்டாயம் தெரிவியுங்கள். காந்தப் புலத்தில் அது அசையலாம், சூடேறலாம்.

ஒரு சுரப்பியை அகற்றினாலும் மற்றையது போதும். ஆனால் கோட்டிசோல் சுரந்த கட்டியை எடுத்தபின், மற்றைய சுரப்பி விழித்தெழச் சில மாதங்கள் ஆகலாம். அதுவரை தரப்படும் ஸ்டீரொயிட் மாத்திரையைத் தாமாக நிறுத்துவது உயிருக்கே ஆபத்து.

பழைய ஸ்கான் படங்களைப் பத்திரமாக வைத்திருங்கள். பல ஆண்டுகளுக்கு முந்தைய படத்திலும் அதே அளவில் கட்டி இருந்தால், அதுவே நல்ல செய்தி.