ஐந்து கிராம் சர்க்கரையின் கணக்கு

வளர்ந்த ஒருவரின் உடலில் ஏறக்குறைய ஐந்து லிட்டர் ரத்தம் ஓடுகிறது. சர்க்கரை நோய் இல்லாதவருக்கு, அதில் கரைந்திருக்கும் குளுக்கோஸ் முழுவதையும் பிரித்தெடுத்தாலும் ஐந்து கிராம்கூடத் தேறாது. ஒரு தேக்கரண்டி அளவுதான். ஓசூர் அருகே மத்திகிரிப் பக்கம் மதியச் சாப்பாட்டுக்கு நூறு கிராம் கேழ்வரகு மாவில் கிண்டிய களியை ஒருவர் சாப்பிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். சுமார் 70 கிராம் மாவுச்சத்து உள்ளே போகிறது. அதில் பெரும்பகுதி செரித்து, குளுக்கோஸாகி, ரத்தத்துக்கு வந்தாக வேண்டும். ஐந்து கிராம் இருக்கிற இடத்துக்கு அதைப்போலப் பத்து மடங்குக்கும் மேல் வந்து சேர்கிறது. ஆனாலும் இரண்டு, மூன்று மணி நேரத்தில் ரத்தம் தன் பழைய நிலைக்குத் திரும்பிவிடுகிறது. நாம் கவனிக்காமலேயே ஒவ்வொரு வேளையும் நடக்கிற அற்புதம் இது. இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் என்பது இந்த ஏற்பாடு ஆண்டுக்கணக்கில் மெல்லத் தளர்வதுதான்.

2023இல் வெளியான ஐ.சி.எம்.ஆர்-இண்டியாப் (ICMR-INDIAB) ஆய்வின்படி இந்தியாவில் சுமார் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துச் சின்னக் கருவியில் எண் (டெசிலிட்டருக்கு இத்தனை மில்லிகிராம்) பார்ப்பது இன்று வீட்டு வழக்கமாகிவிட்டது. ஆனால் அந்த எண் என்ன சொல்கிறது என்று விளக்கிச் சொல்லப் பலருக்கும் ஆளில்லை. 110 வந்தால் நிம்மதி, 190 வந்தால் குற்ற உணர்ச்சி என்று நாள் கழிகிறது. எண்ணைப் புரிந்துகொண்டால் இரண்டுமே தேவைப்படாது.

ஓசூரை அடுத்த கெலவரப்பள்ளி அணையை நினைத்துப் பாருங்கள். நீர்மட்டம் ஏறியிருக்கிறது என்றால், நந்தி மலைப் பக்கம் மழை கொட்டியிருக்கலாம். இங்கே மதகைத் திறக்காமலும் இருந்திருக்கலாம். மட்டத்தை மட்டும் பார்த்துக் காரணத்தைச் சொல்ல முடியாது. ரத்தச் சர்க்கரைக்கும் வரத்து உண்டு, வெளியேற்றம் உண்டு. வரத்து இரண்டு: ஒன்று சாப்பாடு, மற்றொன்று கல்லீரல். வெளியேற்றத்தில் பெரும்பங்கு தசைகளுடையது. இன்சுலின் கல்லீரலை அடக்கிவைக்கிறது. தசைகளின் வாசலைத் திறந்துவிடுகிறது. இரண்டாம் வகை நோயில் இன்சுலினின் பேச்சுக்கு இந்த இரண்டும் சரியாகக் கட்டுப்படுவதில்லை. காலப்போக்கில் இன்சுலின் சுரப்பும் குறைகிறது.

இதைத் தெரிந்துகொண்டால், காலையில் பலரையும் வாட்டும் ஒரு கேள்விக்கு விடை கிடைத்துவிடும்: “ராத்திரி இரண்டு சப்பாத்திதான் சாப்பிட்டேன், வெறும் வயிற்றில் எப்படி 150?” நாம் தூங்கும்போதும் மூளைக்குக் குளுக்கோஸ் வேண்டும். அதனால் கல்லீரல் உடல் எடையில் கிலோவுக்கு, நிமிடத்துக்குச் சுமார் 2 மில்லிகிராம் வீதம் குளுக்கோஸை வெளியே விட்டுக்கொண்டே இருக்கிறது. அறுபது கிலோ எடையுள்ளவருக்கு இது மணிக்கு ஏழு கிராம். விடியற்காலையில் சில ஹார்மோன்கள் ஏறும்போது இந்த வரத்து இன்னும் கூடும். ஆகவே வெறும் வயிற்று எண் பெரும்பாலும் கல்லீரலின் கணக்கு. அதைப் பார்த்துப் பயந்து காலை உணவைத் தவிர்ப்பதால் பெரிய பயன் இல்லை. மாத்திரை, தூக்கம், எடை, இரவுச் சாப்பாட்டின் நேரம் ஆகியவற்றைப் பற்றி மருத்துவரிடம் பேச வேண்டிய எண் அது.

சாப்பிட்ட பின் பார்க்கும் எண்தான் தட்டில் இருந்ததைப் பற்றிப் பேசுகிறது. முதல் வாய் வைத்ததிலிருந்து இரண்டு மணி நேரம் என்று கணக்கிட வேண்டும். சாப்பிடுவதற்கு முன்பும் ஒருமுறை பார்த்திருந்தால்தான் இதற்கு முழுப் பொருள் கிடைக்கும். 150இல் தொடங்கி 180க்குப் போனவரின் சாப்பாடு, 100இல் தொடங்கி 180க்குப் போனவரின் சாப்பாட்டைவிட அவருக்கு நன்றாகவே ஒத்துப்போயிருக்கிறது.

மூன்றாவது எண் எச்பிஏ1சி. 1960களின் இறுதியில் டெஹ்ரானில் சாமுவேல் ரஹ்பர் என்ற ஆய்வாளர், சர்க்கரை நோயாளிகளின் ரத்தத்தில் வழக்கத்துக்கு மாறான ஹீமோகுளோபின் ஒன்று கூடுதலாக இருப்பதைக் கண்டார். குளுக்கோஸ் ஒட்டிக்கொண்ட ஹீமோகுளோபின் அது. சிவப்பணு ஏறக்குறைய 120 நாள் வாழ்வதால், ஒட்டியிருக்கும் அளவு கடந்த இரண்டு, மூன்று மாதங்களின் சராசரியைக் காட்டிக் கொடுத்துவிடுகிறது. 7 சதவீதம் என்றால் சராசரி டெசிலிட்டருக்கு 154 மில்லிகிராம். 8 என்றால் 183. ஒன்றை மறக்கக் கூடாது: இரும்புச்சத்துக் குறைவால் ரத்தசோகை உள்ளவர்களுக்கு இந்த எண் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டலாம்.

நோயை உறுதிசெய்யும் எல்லைகள் இவை: வெறும் வயிற்றில் 126, 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து 200, எச்பிஏ1சி 6.5 சதவீதம். சிகிச்சையில் இருக்கும் பெரும்பாலானோருக்கு வெறும் வயிற்றில் 80 முதல் 130 வரை, சாப்பிட்டபின் 180க்குள், எச்பிஏ1சி 7க்குள் என்பது இலக்கு. முதியவர்களுக்கும் வேறு நோய் உள்ளவர்களுக்கும் மருத்துவர் இதைத் தளர்த்துவார்.

கருவிக்கும் வரம்பு உண்டு. நல்ல கருவிக்கான சர்வதேசத் தரமே 100க்கு மேற்பட்ட அளவுகளில் 15 சதவீத வித்தியாசத்தை அனுமதிக்கிறது. உண்மையில் 140 இருந்தால் கருவி 119 என்றும் காட்டலாம், 161 என்றும் காட்டலாம். நேற்று 138, இன்று 146 என்று கவலைப்பட ஒன்றுமில்லை. மாம்பழத்துக்குப் பேர்போன கிருஷ்ணகிரி மாவட்டத்துக்காரர்கள் இதையும் தெரிந்துகொள்ள வேண்டும்: பழம் உரித்த விரலில் ரத்தம் எடுத்தால் எண் பொய்யாக எகிறும். ஸ்பிரிட் பஞ்சால் துடைப்பது போதாது, தண்ணீரில் கழுவ வேண்டும் என்று 2011இல் ஜப்பானிய ஆய்வொன்று காட்டியது.

இனி களிக்கு வருவோம். கேழ்வரகு சர்க்கரைக்கு நல்லது, எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம் என்ற நம்பிக்கை இங்கே பலமாக இருக்கிறது. அதில் பாதி உண்மை. கேழ்வரகில் நூறு கிராமுக்கு 11 கிராம் அளவுக்கு நார்ச்சத்து இருக்கிறது. தீட்டிய அரிசியில் மூன்று கிராம்கூட இல்லை. சுண்ணாம்புச்சத்தில் அரிசி கிட்டவே வர முடியாது. ஆனால் மாவுச்சத்தில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். நைசாக அரைத்துக் கஞ்சியாகக் காய்ச்சிக் குடித்தால் கேழ்வரகும் வேகமாகவே சர்க்கரையாகும். களி உருண்டையைச் சிறிதாக்கி, கீரை மசியலையும் அவரைக்கொட்டைக் குழம்பையும் பெருக்குவதுதான் வழி. காய்கறியையும் புரதத்தையும் முதலில் சாப்பிட்டு மாவுப்பொருளைக் கடைசியில் சாப்பிட்டால் ஏற்றம் கணிசமாகக் குறைகிறது என்று 2015இல் அமெரிக்காவில் 11 நோயாளிகளிடம் நடந்த ஒரு சிறு ஆய்வு காட்டியது. அதே சாப்பாடு, அதே அளவு, வரிசை மட்டும் மாறியது. முதலில் கீரை, கொட்டை, முட்டை, பிறகு களி என்று சாப்பிட்டுப் பார்க்கலாம்.

சாப்பிட்டபின் பத்துப் பதினைந்து நிமிடம் நடப்பதும் பெரிய உதவி. வேலை செய்யும் தசை, இன்சுலினை எதிர்பாராமலேயே குளுக்கோஸை இழுத்துக்கொள்ளும்.

ஓசூர்ச் சிப்காட்டில் ஷிப்ட் பார்ப்பவர்களுக்குக் கூடுதலாக ஒன்று சொல்ல வேண்டும். உடலுக்கு ஒரு கடிகாரம் உண்டு. அதே சாப்பாடு காலையில் ஏற்றுவதைவிட இரவில் சர்க்கரையை அதிகமாக ஏற்றும். நைட் ஷிப்டில் கேன்டீனில் முழுச் சாப்பாட்டைச் சாப்பிடுவதைவிட, வேலைக்குக் கிளம்பும் முன் முக்கியச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு, இரவில் சுண்டல், மோர், முட்டை என்று இலேசாக வைத்துக்கொள்ளலாம். ஆனால் இன்சுலின் போடுபவர்களும், கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு வகை மாத்திரை சாப்பிடுபவர்களும் மருத்துவரைக் கேட்காமல் சாப்பாட்டைக் குறைக்கவோ தள்ளிப்போடவோ கூடாது. 70க்குக் கீழே இறங்குவது உடனடி ஆபத்து. அப்போது மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும்.

2021 ஆகஸ்ட் 5 அன்று ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் தொடங்கப்பட்டது இதே கிருஷ்ணகிரி மாவட்டத்தின் சாமனப்பள்ளி கிராமத்தில்தான். சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை வீடு தேடி வருகிறது. எண்ணும் வாசலிலேயே கிடைக்கிறது. இது பெரிய வாய்ப்பு. அந்த எண்ணைத் தனியாக எழுதி வைக்காதீர்கள். கடைசியாக என்ன சாப்பிட்டோம், எத்தனை மணிக்கு, எவ்வளவு தூங்கினோம், எந்த ஷிப்ட், காய்ச்சல் ஏதாவது இருந்ததா என்று பக்கத்திலேயே குறித்து வையுங்கள். ஒரு வாரம் ஒரே ஒரு பழக்கத்தை மட்டும் மாற்றி, முன்னும் பின்னும் பாருங்கள். அப்படி எழுதிய நான்கு பக்க நோட்டை மருத்துவரிடம் கொண்டுபோனால், மாத்திரையின் அளவைக் கூட்டுவதா, நேரத்தை மாற்றுவதா, தட்டை மாற்றுவதா என்று அவரால் உங்களுக்கென்றே முடிவெடுக்க முடியும்.