ஐந்து பக்கக் கட்டுரையும் மேற்கோள் கணக்கும்: மருத்துவப் படிமவியலில் ஜி. என். இராமச்சந்திரன்

ஆய்வுச் சுருக்கம்

ஜி. என். இராமச்சந்திரனும் ஏ. வி. இலட்சுமிநாராயணனும் 1971இல் வெளியிட்ட படமீட்புக் கட்டுரையை முன்வைத்து, ஓர் ஆய்வாளரின் தாக்கத்தை மேற்கோள் எண்ணிக்கை எந்த அளவுக்குக் காட்டும் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: மருத்துவப் படிமவியல், சி.டி. ஸ்கேன், மேற்கோள் பகுப்பாய்வு, எச் குறியீட்டெண்.

முன்னுரை

தருமபுரி மாவட்டத்துத் தொப்பூர்க் கணவாயில் நிகழும் சாலை விபத்துகள் நாளேடுகளில் அடிக்கடி இடம்பெறுபவை. தலையில் அடிபட்டவர் மருத்துவமனைக்கு வந்தால் மருத்துவர் முதலில் கேட்பவற்றுள் ஒன்று சி.டி. ஸ்கேன் படம். மண்டையோட்டைத் திறவாமலே உள்ளே குருதி கசிந்துள்ளதா என்பதை அது காட்டிவிடுகிறது. அப்படத்தை உருவாக்கும் கணக்கு முறையின் வரலாற்றில், சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறைக்கு 1952 முதல் தலைமையேற்றிருந்த இராமச்சந்திரனின் பெயர் உண்டு. மருத்துவருக்கோ நோயாளிக்கோ அது தெரிந்திருக்க வேண்டியதில்லை. எண்ணிக்கையால் மதிப்பிடப்படும் ஆய்வாளர்களாகிய நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

1971ஆம் ஆண்டுக் கட்டுரை

சி.டி. கருவி பல கோணங்களில் எக்ஸ் கதிர்களைச் செலுத்தி, அவை எவ்வளவு வலுக்குறைந்து வெளிவருகின்றன என்று அளக்கிறது. ஒவ்வோர் அளவும் ஒரு கோட்டின் மொத்தக் கணக்கே. இம்மொத்தங்களிலிருந்து ஒவ்வொரு புள்ளியின் மதிப்பையும் மீட்கலாம் என்று யோகான் ராடோன் 1917இலேயே கணித வழியில் நிறுவியிருந்தார். ஆனால் அளவுகளை வந்த வழியே திரும்பப் பரப்பினால் மட்டும் படம் தெளிவதில்லை; மங்கலாகவே அமையும். ஃபூரியே உருமாற்றத்தால் இதனைச் சரிசெய்யலாம் எனினும், அன்றைய கணினிகளுக்கு அது பெருஞ்சுமை. ஒவ்வோர் அளவையும் அதன் அண்டை அளவுகளோடு குறித்த எடைகளிட்டுச் சேர்த்து, அதன்பின் பரப்பினாலே போதும் என்று இவ்விருவரும் காட்டினர். கன்வொல்யூஷன் எனப்படும் இம்முறையை விளக்கிய கட்டுரை, அமெரிக்கத் தேசிய அறிவியல் கழக நடவடிக்கைகள் இதழில் 2236 முதல் 2240 வரை ஐந்தே பக்கங்களில் வெளிவந்தது. வானொலி வானியலில் பிரேஸ்வெல், ரிடில் ஆகியோர் 1967இல் இதையொத்த வழியைக் கூறியிருந்தனர் என்பதையும் மறைத்தல் ஆகாது.

1971 அக்டோபரில் இலண்டனில் முதல் நோயாளிக்குச் சி.டி. படம் எடுக்கப்பட்டது. ஹவுன்ஸ்ஃபீல்டின் அம்முதற்கருவி வேறு கணக்கு முறையைக் கையாண்டது. பின்வந்த கருவிகளே கன்வொல்யூஷன் முறைக்கு மாறின.

மேற்கோளில் அகப்படாதவை

இன்று அக்கட்டுரையின் பெயரைவிட ‘ராம்-லாக்’ வடிகட்டி என்ற பெயரே வழங்குகிறது. மேட்லேப் மென்பொருளின் படமீட்புக் கட்டளையில் வடிகட்டி எதையும் குறிப்பிடாவிட்டால் இதுவே தானாக எடுத்துக்கொள்ளப்படும். அதைப் பயன்படுத்துவோர் 1971ஆம் ஆண்டுக் கட்டுரையை மேற்கோள் காட்டியாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஒரு கருத்து பொதுச்சொத்தாகிவிட்டால் அதன் மூலம் மறைந்துபோகும் என்பதைச் சமூகவியலாளர் இராபர்ட் மெர்ட்டன் எடுத்துக்காட்டியுள்ளார். சி. இராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் ஆகியோருடன் 1963இல் சென்னையிலிருந்து வெளியிட்ட ‘இராமச்சந்திரன் வரைபட’த்திற்கும் இந்நிலை பொருந்தும். பெயர் நிலைக்கிறது, மேற்கோள் கணக்கில் ஏறுவதில்லை.

இதற்கு மறுதலையான நிகழ்வும் உண்டு. சி.டி. படமீட்பின் கணிதத்தைக் கார்மாக் 1963, 1964 ஆகிய ஆண்டுகளில் வெளியிட்டபோது ஏறத்தாழ எவரும் பொருட்படுத்தவில்லை. கட்டுரைப் படி கேட்டு வந்த மடல்களில் சுவையானது சுவிட்சர்லாந்தின் பனிச்சரிவு ஆய்வு மையத்திலிருந்து வந்ததே என்று அவரே தம் நோபல் உரையில் நினைவுகூர்ந்தார். அப்பரிசு 1979இல் அவருக்கும் ஹவுன்ஸ்ஃபீல்டுக்கும் கிடைத்தது. 1970இல் மேற்கோள் எண்ணிக்கையை மட்டும் கொண்டு ஒரு குழு அவரை மதிப்பிட்டிருந்தால் என்ன எழுதியிருக்கும்?

எச் குறியீட்டெண்ணை ஹிர்ஷ் 2005இல் முன்மொழிந்தார். இராமச்சந்திரனின் கட்டுரை வெளிவந்த அதே இதழில் என்பது தற்செயல். இக்குறியீட்டில் ஆயிரக்கணக்கில் மேற்கோள் பெற்ற கட்டுரையும் ஒன்றாகவே எண்ணப்படும். கொலாஜன் மூவிழை அமைப்பு, இராமச்சந்திரன் வரைபடம், படமீட்பு ஆகியவை பற்றி ஒவ்வொரு கட்டுரை மட்டும் எழுதி ஒருவர் நின்றிருந்தால், அவரது எண் மூன்றைத் தாண்டாது. பத்து மேற்கோள் வீதம் பத்துக் கட்டுரைகள் உடையவர் பத்து பெறுவார். பதவி உயர்வு விண்ணப்பத்தில் இவ்விரு எண்களும் அருகருகே அச்சாகும்.

தருமபுரி, சேலம் வட்டாரக் கல்லூரிகளில் படிமச் செயலாக்கம் பற்றி எழுதப்படும் ஆய்வேடுகளை எடுத்து, ‘ராம்-லாக்’ எனும் சொல் எத்தனை இடங்களில் வருகிறது, துணைநூற்பட்டியலில் 1971ஆம் ஆண்டுக் கட்டுரை எத்தனையில் இருக்கிறது என்று ஒப்பிட்டுப் பார்க்கலாம். நூலகத்தில் சில வாரங்கள் செலவிட்டால் முடியக்கூடிய ஆய்வே அது.