தாய், ஆசிரியை, சபை உறுப்பினர்: மூன்றுமாக வாழும் உரிமை எப்படிக் கிடைத்தது?

கோலாலம்பூர்: நாளிதழின் மரண அறிவிப்புப் பக்கத்தில் அடிக்கடி ஒரு முகத்தைப் பார்க்கிறோம். நரைத்த முடி, கழுத்தில் மெல்லிய சங்கிலி, வயது 88 அல்லது 92. கீழே “அன்புத் தாயார், ஓய்வு பெற்ற ஆசிரியை, சபையின் மூத்த உறுப்பினர்” என்று ஒரு வரி. பிறகு பிள்ளைகள், மருமக்கள், பேரப்பிள்ளைகளின் பெயர்கள். இறுதி ஆராதனை நேரத்துடன் அறிவிப்பு முடிந்துவிடும்.

அந்த ஒரு வரியில் உள்ள மூன்று அடையாளங்களும் ஒரே பெண்ணிடம் சேர்ந்திருப்பது இன்று நமக்கு இயல்பாகத் தெரிகிறது. ஆனால் 60, 70 ஆண்டுகளுக்கு முன் மலாயாவில் நிலைமை அப்படி இல்லை. அரசாங்க வேலையில் இருந்த பெண் திருமணம் செய்துகொண்டால் நிரந்தரப் பணியை இழக்க வேண்டியிருந்தது. மாதா மாதம் நீட்டிக்கப்படும் தற்காலிக ஊழியராகத்தான் அவரால் தொடர முடியும். ஓய்வூதியத்திற்கும் வழியில்லை. ஒரே வகுப்பில் ஒரே பாடம் நடத்தினாலும் ஆண் ஆசிரியரை விடச் சம்பளம் குறைவு.

அந்த நிலையை மாற்றப் போராடியவர்களின் முன்வரிசையில் நின்றவர் ஒரு தமிழ்க் கிறிஸ்தவப் பெண்மணி. அவர்தான் டத்தோ ராசம்மா பூபாலன்.

*16 வயதில் சீருடை*

1927 மே 1ஆம் நாள் பிறந்தவர் ராசம்மா நவரத்தினம். யாழ்ப்பாணத் தமிழ் வழி வந்த மெதடிஸ்ட் குடும்பம். ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில், 1943 அக்டோபரில் சிங்கப்பூரில் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் ஜான்சி ராணி படையைத் தொடங்கினார். டாக்டர் லட்சுமி சுவாமிநாதன் அதற்குத் தலைமை ஏற்றார். 16 வயது ராசம்மா தம் சகோதரி பொன்னம்மாவுடன் அதில் சேர்ந்தார். தோட்டத்துப் பால்மரத் தொழிலாளிகளும் ஆங்கிலப் பள்ளி மாணவிகளும் அந்த முகாமில் ஒரே வரிசையில் நின்று பயிற்சி பெற்றனர். ராசம்மா பர்மா வரை சென்றார்.

போர் முடிந்ததும் பலர் வீட்டுக்குள் திரும்பிவிட்டார்கள். ராசம்மாவோ விட்ட படிப்பைத் தொடர்ந்து பட்டம் பெற்று ஆசிரியையானார், குடும்ப வாழ்விலும் அடியெடுத்து வைத்தார். அப்போதுதான் திருமணமான பெண்ணுக்கு ஒரு சட்டம், மற்றவர்களுக்கு ஒரு சட்டம் என்ற சுவர் எதிரில் நின்றது.

*சம்பளத்தில் இருந்த வேற்றுமை*

1960இல் மலாயா பெண் ஆசிரியர் சங்கம் உருவானது. அதற்குத் தலைமை தாங்கியவர் ராசம்மா. ஆணும் பெண்ணும் ஒரே வேலை செய்தால் ஒரே சம்பளம் வேண்டும் என்பதுதான் கோரிக்கை. ஆண்தான் குடும்பத்தைக் காப்பாற்றுகிறான், பெண்ணின் வருமானம் கைச்செலவுக்குத்தான் என்பது அன்றைய பதில். விதவைத் தாய்மார்களையும், தம்பி தங்கைகளைப் படிக்க வைத்த அக்காமார்களையும் அந்தப் பதில் கணக்கில் கொள்ளவே இல்லை.

இந்த வேற்றுமை ஆசிரியர்களோடு நின்றுவிடவில்லை. 1920களின் இறுதியில் சிலாங்கூர் போன்ற பகுதிகளில் இந்தியத் தோட்டத் தொழிலாளர்களுக்கு நிர்ணயிக்கப்பட்ட நாள் கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வெடித்த வேலைநிறுத்தத்தில் கூலி உயர்வோடு இன்னொரு கோரிக்கையும் இருந்தது. தோட்டத்து அதிகாரிகள் பெண்களிடம் அத்துமீறுவதை நிறுத்த வேண்டும் என்பது அது. அந்தப் போராட்டம் துப்பாக்கிச் சூட்டில் முடிந்தது. தொழிலாளர்கள் உயிரிழந்தனர், தலைவர் ஆர்.எச்.நாதன் நாடு கடத்தப்பட்டார்.

படித்த ஆசிரியையும் பால்மரம் வெட்டிய தொழிலாளியும் வெவ்வேறு உலகத்தில் வாழ்ந்தவர்கள். ஆனால் சம்பள நாளன்று இருவருக்கும் நடந்தது ஒன்றுதான்.

*மாறிய சட்டங்கள்*

1963இல் தேசிய மகளிர் அமைப்புகள் மன்றம் தொடங்கப்பட்டது. இன, மத வேறுபாடின்றிப் பெண்கள் ஒன்றுகூடிய அந்த மன்றத்திலும் ராசம்மா பங்காற்றினார். அடுத்தடுத்து வந்த மாற்றங்கள் நம் குடும்பங்களை நேரடியாகத் தொட்டவை.

• 1969: அரசாங்கப் பணியில் பெண்களுக்குச் சம ஊதியம்.

• 1975: மனைவியின் வருமானத்தைக் கணவரின் கணக்கில் சேர்க்காமல் தனியாக வரி மதிப்பீடு செய்யச் சட்டத்தில் வழி.

• 1982: முஸ்லிம் அல்லாதவர்களுக்கு ஒருவனுக்கு ஒருத்தி என்பதைக் கட்டாயமாக்கிய, 1976ஆம் ஆண்டின் திருமண, மணவிலக்குச் சட்டம் மார்ச் 1 முதல் அமல்.

• 2001: கூட்டரசு அரசியலமைப்பின் 8(2) பிரிவில் பாலினப் பாகுபாட்டுக்கும் தடை.

• 2023: தனியார் துறையில் மகப்பேறு விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாளாக உயர்வு.

*ஞாயிறும் திங்களும்*

பிரிக்பீல்ட்ஸில் இரயில்வே ஊழியர் குடியிருப்புகள் நிறைந்திருந்த காலத்தில், தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பங்களுக்குத் தேவாலயமே இரண்டாவது வீடு. கிள்ளானில் 1928இல் எழுந்த லூர்து அன்னை தேவாலயமும் அப்படித்தான். ஜெபம், பாடல் பயிற்சி, யாருக்காவது உடம்புக்கு முடியவில்லை என்றால் சமைத்து எடுத்துச் செல்வது என்று வாரம் முழுக்கச் சபையைத் தாங்கியவர்கள் பெரும்பாலும் பெண்கள்.

ராசம்மாவின் பணியும் விசுவாசமும் அப்படித்தான் ஒன்றோடொன்று பின்னியிருந்தன. கோலாலம்பூர் மெதடிஸ்ட் பெண்கள் பள்ளியில் 1969 முதல் 1982 வரை தலைமையாசிரியையாக இருந்தார். ஓய்வுக்குப் பின் இளம் கிறிஸ்தவப் பெண்கள் சங்கத்தின் (ஒய்.டபிள்யூ.சி.ஏ.) வழியாக, படிப்பைப் பாதியில் விட்ட ஏழைப் பெண்களுக்குக் கைத்தொழில் பயிற்சி மையம் உருவாகக் காரணமானார். எந்த மதத்துப் பெண்ணுக்கும் அங்கே இடம் இருந்தது. 90 வயதைக் கடந்தும் அவர் பொதுமேடைகளில் பேசினார்.

*உங்கள் வீட்டுப் பாட்டி*

ராசம்மாவின் கதை நூலாகவே பதிவாகிவிட்டது. நம் வீட்டுப் பாட்டிகளின் கதைக்கு அந்த வாய்ப்பு இல்லை. அவர்கள் உயிரோடு இருக்கும்போதே நாம்தான் கேட்டு எழுதி வைக்க வேண்டும்.

எத்தனை பிள்ளைகள் என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். முதல் சம்பளம் எவ்வளவு, அது யார் கைக்குப் போனது, வேலைக்குப் போகும்போது பிள்ளையை யாரிடம் விட்டீர்கள் என்றும் கேளுங்கள். பழைய அடையாளக் கார்டு, இபிஎஃப் தாள், திருமணச் சான்றிதழ், தேவாலயத்தின் ஞானஸ்நானப் பதிவேடு ஆகியவை விட்டுப்போன தேதிகளைத் தரும். பிள்ளையை ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டு விடியுமுன் மரம் வெட்டப் போன தாயின் கதையை எந்தச் சான்றிதழும் சொல்லாது. அதை அவர் வாயால்தான் கேட்க வேண்டும்.